சமைப்பது யார் என்று எழுதவும்

சிவமயம்

வெள்ளவத்தை
10.11.1953

அன்பு அக்காவுக்கு,

தம்பி பரமலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் சிவனேஸ்வரியும் இங்கே சுகம். உங்கள் முழங்கால் வலி, அத்தானின் இருமல், பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் பற்றி விபரமாக எழுதுங்கள். வன்னியில் மழை தொடங்கிவிட்டதாகப் பேப்பரில் பார்த்தேன். இரணைமடுக் குளத்தில் எத்தனை அடித் தண்ணீர் நிற்கிறது என்று மாமா விசாரித்தார்.

ஒரு நல்ல செய்தி. நம் குடியேற்றத்து வைரவர் கோயிலுக்கு மாமா ஒரு வெண்கல மணி செய்து தருகிறார். மகளை எனக்குக் கட்டித்தந்த இந்த ஆறு மாதத்தில் அவர் என்னிடம் தானாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வியே, "உங்கட கோயிலில என்ன குறை?" என்பதுதான். மணி இல்லை, தகரப் பேணியைத்தான் தட்டுகிறோம் என்றேன். சிரித்துவிட்டு அடுத்த நாளே வார்ப்புக்காரரிடம் போய்விட்டார்.

ஒரேயொரு நிபந்தனை. பங்குனிப் பொங்கலில் கிடாய் வெட்டி, அந்த இறைச்சியைக் கோயில் வளவில் காய்ச்சிப் பந்தியில் போடுகிற வழக்கம் இனி வேண்டாம். மாமா தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்ற தில்லைநாதன் என்றால் வெள்ளவத்தை முழுக்கத் தெரியும். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவர். இறைச்சி மணக்கிற இடத்தில் அவருடைய மணி தொங்கலாமா? எனக்கும் அது சரியென்றே படுகிறது. பொங்கலுக்கு அவரும் நானும் வருகிறோம். கோயில் கூட்டத்தில் பேசி முடிவை எழுதுங்கள்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் தம்பி
பரமலிங்கம்


சிவமயம்

இரணைமடு
24.11.1953

தம்பி பரமலிங்கத்துக்கு,

அக்கா பத்மாசனி எழுதுவது. நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். முழங்கால் இருக்கிறது, வலியும் அதிலேயே இருக்கிறது. அத்தான் குடையோடு குளக்கட்டுக்குப் போய், இருபத்தொரு அடி என்று பார்த்து வந்தார். போனதில் இருமல் கூடிவிட்டது. உன் மாமாவிடம் அதையும் சேர்த்துச் சொல்.

மணி என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. அடுத்த பந்தியை வாசித்ததும் கண்ணீர் வற்றிவிட்டது.

மூன்று வீட்டார் கிடாய் நேர்ந்து வளர்க்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது என்று நான் ஒரு மாதிரி யோசித்துக்கொள்வேன். எனக்கு விளங்காதது வேறு. இறைச்சி இல்லையென்றால் சமைப்பது யார்?

உனக்குத் தெரியாததில்லை. நாற்பத்தாறாம் ஆண்டு, நாம் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த முதல் வருஷம், பன்னிரண்டு குடிசையிலும் காய்ச்சல். எழுந்து நடக்க ஆளில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கூலிக்காரர் குடும்பங்களில்தான் நாலு பேர் நிமிர்ந்து நின்றார்கள். அன்னபாக்கியம் அக்கா வைரவருக்கு என்று ஒரு கிடாயை வெட்டுவித்து, மரத்தடியில் பானை வைத்து, மிளகு போட்டுக் காய்ச்சிக் குடிசை குடிசையாகக் கொண்டுவந்து ஊற்றினார். அன்று தொடக்கம் பங்குனிப் பந்திக்கு அவர்தான் சமையல். மற்ற நாளில் அவர் வீட்டுத் தண்ணீரைக்கூட நம் ஆட்கள் குடிக்க மாட்டார்கள். அந்த ஒரு நாள் மட்டும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வரிசையில் இருந்து அவர் கையால் சாப்பிடுகிறோம். இறைச்சிப் பானைக்கு ஐயரும் இல்லை, மடைப்பள்ளி ஆசாரமும் இல்லை. அதனால் இத்தனை வருஷமும் யாரும் வாய் திறக்கவில்லை.

சைவச் சமையல் என்றவுடன் ஆசாரக்காரர் எல்லோருக்கும் வாய் முளைக்கும். ஆகவே சமைப்பது யார் என்று எழுதவும்.

சிவனேஸ்வரியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

அக்கா


சிவமயம்

வெள்ளவத்தை
15.12.1953

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. அத்தானின் இருமலுக்கு ஆடாதோடை அவித்துக் கொடுங்கள். இங்கே சிவனேஸ்வரிக்குத் தடிமன் பிடித்து மூக்கடைப்பு, வேறு குறையில்லை.

நீங்கள் இதை நிதானமாக யோசிக்க வேண்டும். வாய் பேசாத ஒரு உயிரைக் கடவுளின் கண் முன்னாலே வெட்டி, அதைப் பிரசாதம் என்று சொல்லி இலையில் போடுவது என்ன பக்தி? வைரவர் கேட்டாரா? நாவுக்கு ருசி நமக்கு, பழி அவருக்கு. கிடாய்க்குப் பதிலாக ஒரு நீற்றுப்பூசணிக்காயை வெட்டினால் நேர்த்தி தீர்ந்துவிடும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள்.

இன்னொன்று. பொதுப் பந்தி என்றால் வருகிறவர் எல்லோரும் சாப்பிடக் கூடியதாக இருக்க வேண்டும். இறைச்சி போட்டால் சைவக்காரர் வர முடியாது. முல்லைத்தீவிலிருந்து கருவாடு கொண்டுவருகிற மத்தேயுவை எடுங்கள். சிலுவை கும்பிடுகிற வேதக்காரன் என்றாலும் ஒரு வருஷம் தவறாமல் நம் பொங்கலுக்கு வருகிறான். பங்குனி அவர்களுக்குத் தபசுகாலம், நோன்பு மாதம். இறைச்சி தொட மாட்டான். நம் பந்தியில் இருந்துகொண்டே வெறுஞ்சோற்றைப் பிசைகிறான். இது முறையா? மரக்கறி என்றால் யாருக்கும் தடையில்லை. ஒரே பானை, ஒரே பந்தி, உயர்வு தாழ்வு இல்லை. அதுதான் அன்னதானம்.

இதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். அத்தானுக்கு என் வணக்கம்.

உங்கள் தம்பி
பரமலிங்கம்


சிவமயம்

இரணைமடு
4.1.1954

தம்பிக்கு,

இருமல் குறைந்திருக்கிறது. ஆடாதோடையைக் குடித்தவர் உன்னைத் திட்டினார், அத்தனை கசப்பு. புது வருஷம் உங்கள் இருவருக்கும் நல்லதாக இருக்கட்டும்.

நீ அனுப்பியது கடிதமா, பிரசங்கமா? அத்தான் வாசித்துவிட்டு, "இவன் கந்தோரில வேலை செய்யிறானோ, கோயிலில கதாப்பிரசங்கம் செய்யிறானோ?" என்று கேட்டார்.

மத்தேயு வெறுஞ்சோறு பிசைகிறான் என்று யார் உனக்குச் சொன்னது? நீ பந்தியில் இருந்து நாலு வருஷமாகிறது. அவனுக்கென்று அன்னபாக்கியம் அக்கா ஒவ்வொரு பங்குனியும் ஒரு சின்னச் சட்டியில் பூசணிக்காய்க் கறி வைக்கிறார். அவன் இலையை வழித்துத் தின்றுவிட்டு, இறைச்சி தின்றவர்களைப் பார்த்துப் பாவப்படுகிறான். ஒருவனுக்காகத் தனிச் சட்டி வைக்கத் தெரிந்தவருக்கு அன்னதானம் என்றால் என்னவென்று நீ வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறாய்.

கிடாயைப் பற்றி நீ சொல்வதில் ஒரு நியாயமும் இல்லை என்று நான் சொல்லவில்லை. வெட்டுகிற நேரம் நானும் கிணற்றடிக்குப் போய்விடுகிறவள்தான். உன் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தேன். பாதிப் பேர் தலையாட்டினார்கள், பாதிப் பேர் எழும்பிப் போனார்கள், ஒருவர் மணியை வேண்டாமென்றார், அவர் மனைவி அவரை வேண்டாமென்றார். மூன்று மணித்தியாலம் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். ஆடு வருகிறது, பூசணிக்காய் வருகிறது, மத்தேயு வருகிறான். நான் கேட்ட ஒரேயொரு கேள்விக்கு மறுமொழி எங்கே? சமைப்பது யார்?

பிள்ளைகள் தங்கள் மாமாவை, உன்னைத்தான், விசாரிக்கிறார்கள்.

அக்கா


சிவமயம்

வெள்ளவத்தை
28.1.1954

அன்பு அக்காவுக்கு,

சுகம். நீங்களும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். கந்தோரில் வேலை அதிகம், ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

மணியைச் சரக்குக் கோச்சியில் கிளிநொச்சி ஸ்டேசனுக்கு ஏற்றிவிட்டோம். அத்தானை வண்டிலோடு போய் எடுக்கச் சொல்லுங்கள்.

சமையல் விஷயம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சைவச் சமையல்காரரைக் கூப்பிடுவது நல்லது என்று மாமா நினைக்கிறார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மரத்தடியில் தனியாக ஒரு பந்தி வைத்துவிட்டால் ஒருவருக்கும் மனக்குறை இராது. மாமாவுக்கு நம் வீட்டைப் பற்றி நான் சொல்லிவைத்திருப்பது ஒரு மாதிரி. வழிவழியாகச் சைவம் என்றுதான் சம்பந்தம் பேசும்போதே சொன்னது. நீங்கள் விளங்கிக்கொள்வீர்கள்.

மற்றவை நேரில்.

பரமலிங்கம்


சிவமயம்

இரணைமடு
15.2.1954

பரமலிங்கத்துக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய்.

ஓம், விளங்கிக்கொண்டேன். இறைச்சி போட்ட காலத்தில் ஒரு பந்தி. நீ சைவமாக்கியதும் இரண்டு பந்தி. "ஒரே பானை, ஒரே பந்தி, உயர்வு தாழ்வு இல்லை" என்று டிசம்பரில் எழுதிய கைதானே ஜனவரியில் இதையும் எழுதியது? இடையில் மை மாறிவிட்டதா?

காய்ச்சல் வருஷம் உனக்குப் பதினாறு வயது. நாலு நாள் ஒன்றும் இறங்காமல் கிடந்தாய். எனக்கும் எழும்ப ஏலாது. அன்னபாக்கியம் அக்கா உன் தலையை மடியில் வைத்து அந்தச் சாற்றைச் சிரட்டையில் ஊற்றிப் பருக்கினார். ஐந்தாம் நாள் நீ கண் திறந்து, "அக்கா, இன்னும் ஒரு அகப்பை" என்று கேட்டாய். என்னை அல்ல, அவரை. அன்றிலிருந்து உனக்கும் அவர் அக்காதான். இந்த மூன்று கடிதத்திலும் அவருடைய பெயரை ஒருதரமாவது எழுதினாயா? திருப்பி வாசித்துப் பார்த்தேன். இல்லை.

இப்போது என் முடிவைக் கேள். உன் இரண்டாவது கடிதத்தைக் கூட்டத்தில் திரும்பவும் வாசித்தேன். உன் சொல்லையே பிடித்தோம். இறைச்சி இல்லை, சரி. கிடாய் வெட்டுவதில்லை, சரி. ஒரே பானை, ஒரே பந்தி, அதுவும் சரி. எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். அடுத்த வரி நான் எழுதுவித்தது: சமையல் வழக்கம்போல அன்னபாக்கியம். மணியில் ஆசை வைத்தவர்கள் வேறு வழியின்றி அதற்கும் கையெழுத்து வைத்தார்கள்.

அவருக்கும் இதில் சந்தோஷமில்லை. "வைரவருக்குப் பருப்புக் கறியோ பிள்ளை? அவர் என்ன, பாயில கிடக்கிற வருத்தக்காரரோ?" என்று கேட்டார். பூசணிக்காய் வையுங்கோ, மத்தேயுவுக்கு வைக்கிறது போல பெரிய பானையில் வையுங்கோ என்றேன். யோசித்துவிட்டு, "அதெண்டால் வைக்கலாம்" என்றார்.

நேர்ந்த மூன்று கிடாயையும் உயிரோடு கோயிலுக்கு விட்டாயிற்று. அவை நேற்று என் கத்தரித் தோட்டத்தை முடித்துவிட்டன. உன் அகிம்சைக்கு என் கத்தரிதான் பலி.

மணி கட்டியாயிற்று. நல்ல நாதம். திருப்பிக் கேட்டால் தர மாட்டோம்.

பத்மாசனி


சிவமயம்

வெள்ளவத்தை
3.3.1954

அக்காவுக்கு,

கோபம் வேண்டாம். இருபத்தேழாம் திகதிக் கோச்சியில் மாமாவும் நானும் வருகிறோம். உங்கள் விருப்பப்படியே நடக்கட்டும். ஒன்றுதான் கேட்கிறேன். மாமாவுக்கு முன்னால் சமையலைப் பற்றி யாரும் கதைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரமலிங்கம்


சிவமயம்

இரணைமடு
2.4.1954

பரமலிங்கத்துக்கு,

நீங்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்ததாகத் தந்தி கிடைத்தது.

யாரும் கதைக்கவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு பரிமாறினேன். உன் மாமா உனக்கும் அத்தானுக்கும் நடுவில் இருந்து மூன்றுதரம் பூசணிக்காய்க் கறி வாங்கினார். அந்த மனுஷரை நான் குறை சொல்லவில்லை, சந்தோஷமாகச் சாப்பிட்டார், நல்ல மனதோடு கேட்டார்: "ஆர் தம்பி இந்தச் சமையல்? நல்ல கைமணம்."

நீ என்ன சொன்னாய்?

"யாழ்ப்பாணத்தில இருந்து கூப்பிட்ட சமையல்காரர், மாமா. இவ எடுபிடிக்கு வந்தவ."

அன்னபாக்கியம் அக்கா வாளியோடு உன் இலைக்கு முன்னால் நின்றார். கேட்டுக்கொண்டே நின்றார். உன் இலையில் இன்னும் ஒரு அகப்பை போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனார். நீ குனிந்து சாப்பிட்டாய். எப்படி இறங்கியது?

நீ கோச்சிக்கு வெளிக்கிட்ட பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. பந்தி முடிந்தால் அகப்பையை வைரவருக்கு முன் வைத்து எடுத்து, அடுத்த வருஷமும் நீங்களே என்று சமைத்தவர் கையில் கொடுப்பது வழக்கம். எட்டு வருஷமாக அத்தான்தான் கொடுக்கிறார். கூப்பிட்டோம், ஆளைக் காணவில்லை. அகப்பை அடுப்படிக் கல்லில் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. நான் வாய்க்காலைக் கடந்து அவர் வீட்டுக்குப் போனேன். அழுவார் என்று நினைத்தேன். முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

"இறைச்சியை நிப்பாட்டினது எனக்குப் பரவாயில்லைப் பிள்ளை. தம்பி என்னையும் சேர்த்தெல்லோ நிப்பாட்டிப்போட்டுது."

பிறகு, வருகிற வருஷம் வேறு ஆளைப் பார்க்கச் சொன்னார்.

நான் உனக்கு இனி என்ன சொல்ல? வெட்கமாக இருக்கிறது. சமைத்தது யார் என்று உன் மாமாவிடம் சொல்லிவிட்டு எனக்கு எழுது. அதற்கு முன் எழுதாதே. எழுதினாலும் நான் உடைத்துப் பார்க்க மாட்டேன்.

பத்மாசனி


சிவமயம்

வெள்ளவத்தை
9.6.1954

அன்பு அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். ஆகவே இந்தக் கடிதத்தை உடைத்துப் பார்க்கலாம்.

கோச்சியிலேயே சொல்ல நினைத்தேன். வவுனியாவில் சொல்லலாம் என்றிருந்தேன், அங்கே தேத்தண்ணீர் வந்தது. அனுராதபுரத்தில் சொல்லலாம் என்றிருந்தேன், மாமா நித்திரையாகிவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. நான் கோழை, அக்கா. வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

மே மாத நடுவில் ஒரு நாள் மாமி பூசணிக்காய்க் கறி வைத்தார். மாமா ஒரு வாய் வைத்துவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளினார். "இது அதில்லை. அந்தச் சமையல்காரரிட்டை எப்பிடி வைச்சதெண்டு கேட்டு எழுதும்" என்றார். இனி ஒளிக்க இடமில்லை. சமையல்காரர் என்று யாரும் இல்லை, நான் சொன்னது பொய், சமைத்தது அன்னபாக்கியம் அக்கா என்று சொன்னேன். எந்தப் பக்கத்து ஆள் என்பதையும் சொன்னேன். காய்ச்சல் வருஷத்தையும் சொன்னேன். இறைச்சிச் சாறு குடித்துத்தான் நான் பிழைத்தேன் என்று சொன்னபோது மாமியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. மாமா எழும்பிக் கை கழுவினார். மூன்று கிழமை என்னோடு ஒரு வார்த்தை இல்லை. சிவனேஸ்வரி நடுவில் கிடந்து அழுதாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குப் பின்னாலிருந்து, என் முகத்தைப் பார்க்காமலே, "அந்த மனுசியிட்டைக் கேட்டு எழுதினனீரோ, இல்லையோ?" என்றார்.

ஆகவே கேட்கிறேன். எனக்கும் அந்த ருசி நாக்கில் நிற்கிறது. சின்ன வயதில் அறிந்த ருசி, என்னவென்று பிடிபடவில்லை.

கீழே உள்ளதை அன்னபாக்கியம் அக்காவுக்கு வாசித்துக் காட்டுங்கள்:

"அக்கா, எடுபிடி என்று சொன்ன ஆளின் இலையில் நீங்கள் இன்னும் ஒரு அகப்பை போட்டீர்கள். நான் அதையும் சாப்பிட்டேன். என்னை மன்னியுங்கள். பங்குனிக்கு நீங்கள்தான் சமைக்க வேண்டும்."

உங்கள் தம்பி
பரமலிங்கம்


சிவமயம்

இரணைமடு
22.6.1954

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். முழங்கால்கூட இந்தக் கிழமை பரவாயில்லை. நீயும் சிவனேஸ்வரியும் மாமா, மாமியும் சுகமாயிருக்க வைரவர் துணை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலைக் கடந்தேன். முழுவதையும் வாசித்தேன், கரண்டி விழுந்ததையும் விடவில்லை. அன்னபாக்கியம் அக்கா நெல்லுப் புடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் சுளகைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி சொல்லிப்போட்டுதோ? அப்ப சரி" என்றார். அகப்பையை அத்தான் கொண்டுபோய்க் கையில் கொடுத்தார், வாங்கிக்கொண்டார். பங்குனிக்கு அவர்தான். அவர் வைத்துத் தந்த தேத்தண்ணீரை நானும் அத்தானும் குடித்துவிட்டு வந்தோம். எட்டு வருஷமாக நான் அதைக்கூடச் செய்யவில்லை என்று வருகிற வழியில்தான் நினைத்தேன். உன்னைத் திட்டிய வாயை என்னிலும் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன்.

இனிக் கறிக்கு வா. எப்படி வைத்தனீங்கள் என்று கேட்டேன். பழுத்த பூசணி, தேங்காய்ப்பால், மிளகாய்த்தூள், கடுகு அரைத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "பிறகு இறக்கிறதுக்கு முன்னம் ரண்டு கைப்பிடி மாசி இடிச்சுப் போட்டனான்" என்றார்.

நான் இடையில் புகுந்தேன். "மாசியோ? மாசிக்கருவாடோ? அது மச்சமெல்லோ!"

"மச்சமோ? அது சரக்குப் பேணிக்குள்ளயெல்லோ பிள்ளை கிடக்கு, மிளகோட சீரகத்தோட. நீர்தானே மத்தேயுவுக்கு வைக்கிறது போல வையுங்கோ எண்டனீர்."

நான்தான் சொன்னேன். தபசுகாலத்தில் மீனுக்குத் தடையில்லை என்று மத்தேயு சொன்ன நாளிலிருந்து அவன் சட்டிக்கு மாசி போடுகிறாராம். அந்த மாசியே அவன் கொண்டுவந்து கொடுப்பதுதானாம். இந்தச் சண்டை எதற்கு? மணி எதற்கு, கூட்டம் எதற்கு, என் தொண்டை எதற்கு, என் கத்தரி எதற்கு? முழுக் குடியேற்றமும் மணி அடித்துச் சைவம் என்று இருந்து மீனைத் தின்றிருக்கிறது. முட்டைக் கேக் தொடாத உன் மாமா மூன்றுதரம் வாங்கியிருக்கிறார்.

விஷயம் வெளியே தெரியாது. எனக்கும் அத்தானுக்கும் அவருக்கும்தான் தெரியும். இப்போது உனக்கும். வருகிற பங்குனிக்கு மாசி போட வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன். "அப்ப ருசி இராது, பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது" என்கிறார்.

கேட்ட மனுஷருக்கு இல்லையென்று சொல்லக் கூடாதென்று, அவர் தன் கையால் இடித்த கறிக்கூட்டு ஒரு பொட்டலம் தந்தார். இந்தத் தபாலோடு வருகிறது. மாசியும் அதற்குள்தான் இருக்கிறது. சும்மா தர மாட்டேன் என்று, மாமாவுக்குச் சுகம் சொல்லச் சொல்லித்தான் தந்தார்.

மாமாவிடம் கொடுப்பதும் விடுவதும் உன் பாடு. சமைத்தது யார் என்று சொல்ல உனக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. கறியில் போட்டது என்ன என்று சொல்ல எத்தனை மாதம் பிடிக்கும் என்று எழுதவும்.

அன்புடன்
அக்கா